சூடு போகும் வழி

பாயான் லெப்பாஸில் என் வேலை
சில்லுகளை அடுப்பில் வைப்பது.
தட்டுத் தட்டாக அடுக்கி, கதவை மூடி,
நூற்றிருபத்தைந்து பாகையில்
மின்சாரத்தையும் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுவோம்.
நாளைக்குச் சாகப்போவது இன்றைக்கே சாகட்டும்.
தாங்கியதற்கு முத்திரை,
தாங்காததற்குச் சிவப்புத் தொட்டி.

வீட்டுக்கு வந்தால்
அப்படித் தேறி வந்த ஒன்றுக்கு
விசிறி தேடிக்கொண்டிருக்கிறேன்.

சுங்கை டுவா. பதினொன்றாம் மாடி.
மேற்குப் பார்த்த அறை.
இரவில், குத்தகைக்காரர் லிம்முக்காக
இன்னும் கட்டாத வீடுகளின் சமையலறைகளைக்
கணினியில் கட்டிக் கொடுக்கிறேன்.
ஒரு பளிங்கு மேடைமேல் வெளிச்சம் விழுவதைக் கணக்குப் போட
அதற்கு நாலு மணி நேரம்.
ஐந்தாம் நிமிடத்திலேயே திரையோரத்தில் தொண்ணூற்றேழு.
பிறகு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது,
சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நாங்கள் செய்வதுபோல,
மேற்பார்வையாளருக்குத் தெரியாமல்.

கொம்தார் பக்கத்துக் கடையில் பூன் கியாட்
தண்ணீர்க் குளிர்விப்பானைத் தட்டிக் காட்டினான்.
முந்நூற்றெண்பது வெள்ளி. ஏழு நிறத்தில் மின்னும் என்றான் மலாயில்.
தண்ணீர் என்றதும்
எங்கள் மாடிக் குழாய்கள்தான் ஞாபகம் வந்தன.
நடுராத்திரியில் பம்பு நின்றுபோனால்
யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

காற்றே போதும் என்றேன்.
ஆறு செம்புக் குழாய், மெல்லிய தகடுகள், ஒரே ஒரு காற்றாடி.
நூற்றுமுப்பது வெள்ளி.
உயரம் நூற்றைம்பத்தெட்டு மில்லிமீட்டர்,
என் பெட்டி கொள்வது நூற்றறுபது.
கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்ததும் சிரித்தான்.
சிரிக்கட்டும்.
எங்கள் தொழிலில் இரண்டு மில்லிமீட்டர் என்பது
கால்பந்து மைதானம்.

ரசீதில் எழுதிக் கொடுத்தான்:
காற்றாடிக்கு ஆறு வருட உத்தரவாதம்.
எனக்கு டிசம்பர் வரை.

பசை, பச்சைப்பயறு அளவு.
திருகாணி நான்கும் குறுக்காக, மாறி மாறி, அரைச் சுற்று.
எல்லாம் முடிந்த பிறகு
அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தேனா என்றொரு சந்தேகம்.
கழற்றிப் பார்த்தேன்.
உரித்துத்தான் இருந்தேன்.
துடைத்துவிட்டு, மறுபடி ஒரு பயறு.

எண்பத்தொன்பது.

எனக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும்.
பெட்டியின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன்.
கண்ணாடி.
நான்தான் ஆசைப்பட்டு வாங்கியது, பார்வைக்கு நன்றாயிருக்கிறதென்று.
புதுக் காற்றாடி அதற்குள்ளே
தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.
கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

எழுபத்தாறு.

அறை முப்பத்தொன்று.
அதற்குக் கீழே எந்தக் காற்றாடியாலும் இறங்க முடியாது.
தண்ணீராலும் முடியாது; பூன் கியாட் சொல்லாமல் விட்டது அது.
யாரும் சூட்டை அணைப்பதில்லை,
கைமாற்றி விடுகிறார்கள்.
பக்கத்து வீட்டு ஏர்கான் என் ஜன்னலுக்குக் கொடுக்கிறது.
என் பெட்டி
ஹஸ்னிதாவின் மெத்தைக்குக் கொடுத்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.
இரவு ஷிப்ட் முடிந்து வருபவள்;
சண்டை போட அவளுக்கும் தெம்பில்லை.
பெட்டியின் முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்,
ஒரு சாண் இடைவெளி விட்டு.
அது என் கணக்கில் இல்லாத புத்தி.
பிறகு, மூன்று நாள் மழையில் காயாமல் கிடந்த
தன் தொழிற்சாலைச் சட்டையை எடுத்து வந்து
அந்த இடைவெளியில் தொங்கவிட்டுப் படுத்துவிட்டாள்.

எழுந்தபோது
லிம்மின் சமையலறையில் வெளிச்சம் விழுந்து முடிந்திருந்தது.
சட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.
காலர் மட்டும் இன்னும் ஈரம்.
இன்னொரு சமையலறையை ஓடவிட்டுக் கிளம்பினேன்.